சாம்பல்தீவு வீதியில் என் காலைத் தடுத்தவர்

என் மனைவி ராணிக்கு எட்டாம் மாதம். போர் நடந்த வருடங்களில் ஒரு கார்த்திகை, அடைமழை. மத்தியானம் சோறு போட்டுக்கொண்டு நின்றவள் அப்படியே குசினி நிலத்தில் சரிந்துவிட்டாள். சீலையெல்லாம் இரத்தம். பக்கத்து வீட்டுப் புஸ்பம் அக்கா ஓடிவந்து பார்த்தார்.

"தம்பி, இது வீட்டில வைச்சுப் பார்க்கிற காரியமில்லை. காரை எடு."

சாம்பல்தீவிலிருந்து திருகோணமலை ஆஸ்பத்திரி சில மைல்தான். ஆனால் அன்று காலை முதலே சூட்டுச் சத்தம். வீதியில் ஒரு நாயைக்கூடக் காணவில்லை.

நான் ஹயர் ஓடுகிறவன், வாடகைக்குக் கார் விடுகிறவன். என்னுடையது பழைய சின்னக் கார். அதற்குள் ஒரு ஜப்பான் வானின் எஞ்சினை ஏற்றியிருந்தேன். அதில் எனக்கு அளவில்லாத பெருமை. உண்மையைச் சொன்னால், ஆண்டவரைவிட அந்த எஞ்சினைத்தான் அதிகம் நம்பியிருந்தேன். ஆனால் காரின் பின்பக்கம் பாரமில்லை. கொஞ்சம் கூட மிதித்தால் பின்சில்லு வழுக்கி, கார் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும். அதற்காக டிக்கியில் எப்போதும் இரண்டு மண்மூட்டை போட்டிருப்பேன். வீதியை மறித்துச் சோதிக்கும் சென்றிகளில் ஆமிக்காரர் ஒவ்வொரு முறையும் அதை இறக்கு, அவிழ், கொட்டு என்பார்கள். அலுத்துப்போய் அதற்கு முதல்நாள்தான் இரண்டையும் வீட்டு வாசலில் தூக்கிப் போட்டேன். சோம்பல். அதற்கு வேறு பெயர் இல்லை.

ராணியைப் பின் இருக்கையில் கிடத்தி, அக்காவும் கூட ஏறிக்கொண்டார். முதல் சென்றியில் விட்டார்கள். அதைத் தாண்டினால் வெறும் வெளி. இரண்டு பக்கமும் மிதிவெடி என்று மண்டையோடு கீறிய பலகைகள். ஹயர்காரர்களான எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. அந்த வெளியில் பறப்போம். வளைவு கழிந்து அடுத்த சென்றி தெரிந்ததும் ஊர்வோம். சென்றிக்கு வேகமாகப் போனால் சுடுவார்கள்.

மிதித்தேன். அந்த நேரம் பார்த்து இடப்பக்கம் படபடவென்று வெடி கேட்டது. பயத்தில் அடியோடு மிதித்துவிட்டேன். வீதியில் மழை கொண்டுவந்து போட்ட மணல். கார் பின்பக்கத்தை வீசியது. ஸ்டியரிங்கைத் திருப்பினேன், கூடிப்போய் மற்றப் பக்கம் வீசியது. பலகைகள் கண்ணாடிக்கு முன்னால் வந்து வந்து போயின. பிரேக் பிடித்தால் கார் சுழன்றுவிடும். காலைச் சட்டென்று எடுத்தாலும் சுழலும். மெல்ல மெல்லத் தளர்த்த வேண்டும். இருபது வருடம் ஓடியவனுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் கால் விறைத்துப்போய் நின்றது.

நீளமாக ஜெபிக்கிறவன் என்று என்னைச் சபையில் பகிடி பண்ணுவார்கள். அன்று எனக்கு வந்தது இவ்வளவுதான்.

"ஆண்டவரே, என்னால ஏலாது. இந்தக் காலை நீர் எடும்!"

சத்தியமாகச் சொல்கிறேன், கால் தளர்ந்தது. நான் தளர்த்தவில்லை. யாரோ முழங்காலில் கைவைத்து ஆறுதலாகத் தூக்கியது போல இருந்தது. கார் இன்னும் இரண்டு தரம் ஆடி நேராக வந்தது. வெடிச்சத்தம் நிற்கவில்லை. திரும்ப மிதிக்கப் பார்த்தேன், கால் அழுத்தவே இல்லை. சைக்கிள்காரன் மாதிரி ஊர்ந்தேன்.

"ஏன்டா மெதுவாப் போறாய்? பிள்ளை செத்துப்போகும்!" என்று அக்கா பின்னாலிருந்து கத்தினார். நான் அழுதுகொண்டே ஓட்டினேன்.

வளைவில் திரும்பினால் துவக்குகள் எங்களைப் பார்த்து நின்றன. சூடு தொடங்கியதும் சென்றியை வளைவுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு ஆமிக்காரன் பின் இருக்கையைப் பார்த்தான். தடையை நகர்த்திவிட்டு, தெரிந்த தமிழில் சொன்னான்.

"இண்டைக்கு வேகமா வந்தா சுடச் சொல்லி ஓடர்."

ராணி பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. மகன்.

மெதுவாக வந்ததால்தான் அவன் போனான் என்று ஆஸ்பத்திரிச் சுவரில் தலையை அடித்தேன். டொக்டர் அம்மா என்னைப் பிடித்து இருத்தினார். "பிள்ளை நீங்கள் வெளிக்கிட முந்தியே போயிட்டுது. பறந்து வந்திருந்தாலும் ஒண்டும் செய்ய ஏலாது. காப்பாத்த இருந்தது உங்கட மனிசியை மட்டும்தான்."

அப்படியும் எனக்குக் கோபம் ஆறவில்லை. இரண்டு உயிரோடு புறப்பட்டேன், ஒன்றைத்தானே தந்தீர் என்று ஆண்டவரோடு சண்டை. பல மாதம் ஆலயப் பக்கம் வரவில்லை. ஒருநாள் ராணிதான் அந்தக் கதையை எடுத்தாள்.

"அண்டைக்கு நான் சாகப்போறன் எண்டுதான் கிடந்தனான். 'என்னால ஏலாது' எண்டு நீங்கள் ஒருநாளும் சொல்லி நான் கேட்டதில்லை. அதைச் சொன்ன உடனே எனக்குப் பயம் போயிட்டுது. இனி வேற ஒருத்தர் ஓட்டுறார் எண்டு நினைச்சனான்."

நான் அன்று முழங்காலில் நின்றேன். அந்த எஞ்சினைக் கழற்றி விற்றுவிட்டுச் சாதாரண எஞ்சின் போட்டேன். சண்டை முடியும்வரை எத்தனையோ பிள்ளைத்தாச்சிகளை அதே வீதியால் ஏற்றிப்போனேன், ஆண்டவர் ஒருவரையும் கைவிடவில்லை.

பிரியமானவர்களே, கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் உங்களால் ஏலாத இடத்தில் வெட்கப்படாமல் அவரிடம் சொல்லிவிடுங்கள். எங்கள் மகனின் கல்லறை இந்த ஆலயத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் முதலில் அங்கே போவோம். பிறகு ராணி என் கையைப் பிடித்துக்கொள்வாள், இரண்டு பேருமாக ஆலயத்துக்கு வருவோம்.