பலா ஒட்டிய தாடி

மந்தாரக்குப்பம் ரோட்டோரம், பலாப்பழக் கடை முன்னால் டாக்ஸியை நிறுத்துகிறேன். பின்சீட்டில் நெய்வேலிச் சுரங்கத்து ஜெர்மன் துரை, அவர் சம்சாரம், நடுவில் மூன்று வயது செல்வி. கோர்ட்டு உத்தரவு வந்து அவள் இவர்கள் தத்துப்பிள்ளை ஆகிவிட்டாள். நாளை மெட்ராசில் விமானம். ஆனால் துரையின் சிவப்புத் தாடியைக் கண்டாலே அழுகிறாள். துரைக்கு முகமே செத்துப்போயிருக்கிறது.

"பலாச்சுளை குடுத்துப் பாருங்க, வந்துடுவா" என்கிறேன். எண்ணெய் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.

துரை ஓடிப்போய், அறுத்து வைத்த பலாவில் கையை விடுகிறார். சுளை வழுக்குகிறது. கவலை வந்தால் தாடியை உருவுவது அவர் வழக்கம். உருவுகிறார். பலாப்பிசினில் கை அங்கேயே ஒட்டிக்கொள்கிறது.

"எண்ணெ தடவாம பலாவுல கைய வப்பாங்களா? நீயும் சொல்லாம இளிச்சிகினு நிக்கிறியே!" பழக்கார அம்மா என்னைத் திட்டுகிறாள்.

"தாடியில சுளை காய்க்குதான்னு பாத்துகினு இருக்கேன்க்கா."

காரிலிருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு. செல்வி! இறங்கி ஓடிவருகிறாள். துரை குனிந்ததும் தாடியைப் பிடித்து இழுக்கிறாள். அவள் விரலும் ஒட்டிக்கொள்கிறது. துரை அலற அலற இன்னும் இழுத்துச் சிரிக்கிறாள்.

பழக்கார அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வருகிறாள். "காட்டுங்க துரை, ஒரு நொடியில வுட்டுடும்."

துரை இன்னொரு கையால் செல்வியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்கிறார். கண்ணில் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு.

"வேணாம்மா" என்கிறார், சுரங்கத்து ஆட்களிடம் கற்ற தமிழில். "மெட்ராஸ் வரிக்கும் ஒட்டிகினே இருக்கட்டும்."