மெர்வின் பல் பதிந்த மெழுகு

மெல்பர்னில் அந்தக் கண் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு பழக்கம். சோதனைக்கு உட்காருகிறவர் தலை அசையாமலிருக்க, பல் பதித்த மெழுகுக் கட்டையைக் கடித்துக்கொண்டே திரையைப் பார்க்க வேண்டும். ஆளுக்கொரு கட்டை. எல்லாம் ஒரே இழுப்பறையில். கணக்குப் போட்டே அங்கே தலை நரைத்த டெல்வின், அதைத் திறக்கும்போதெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொள்வாள். ஊர் எச்சில் முழுக்க அங்கேதான் காய்ந்து கிடந்தது.

ஆனால் அன்று அவளுக்குக் குமட்டியது கணினியைப் பார்த்து.

ஒரு கண்ணுக்கு மங்கலான கோடு, மறு கண்ணுக்கு அழுத்தமான கோடு. மூளை இரண்டையும் எப்படிக் கலக்கிறது? இரு கண்ணுக்கும் சரிபாதிப் பங்கு என்று, இருவர் பெயரிலும் வரவிருந்த கட்டுரையில் எழுதியிருந்தான் கூடத்தின் தலைவன் ரசல். டெல்வின் பழைய கணக்கை மறுபடி போட்டாள். ஒரு கண் ஓங்கியவர்களை எல்லாம் ‘கவனக்குறைவு’ என்று அவன் கணக்கிலிருந்து தூக்கி எறிந்திருந்தான். அவர்களில் மெர்வும் ஒருவர்.

மெர்வ் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற டிராம் ஓட்டுநர். கையில் லாமிங்டன் கேக்கோடு வந்து, பொய்ப்பல் மெழுகோடு கழன்று வர வர, சளைக்காமல் கடித்த மனிதர். வேலிக்கு மேல் அவள் தலை தெரிந்தால் போதும்: “என்ன டெல்லு, என் கண்ணு அச்சுல வந்துடுச்சா?” வரும் என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

ரசலிடம் போய் நின்றாள். “மெர்வ ஏன் தூக்குன?”

“கிழவன் தூங்கிட்டாரு, டெல்.”

“வாயில மெழுகக் கடிச்சுக்கிட்டு எவன்டா தூங்குவான்? உன் கணக்கையும் பாத்தேன். உனக்கும் ஒரு கண்ணுதான் ஓங்கி நிக்குது. உன்ன மட்டும் ஏன் வச்சிருக்க?”

“நான் தூங்கலன்னு எனக்கே தெரியுமே!” சிரித்தான்.

“எல்லாரையும் சேத்துப் போடு.”

“வரைபடத்துல கோடு எவ்ளோ அழகா வந்திருக்கு. கெடுக்காத.”

அந்த அழகைக் கேட்டதும் அவளுக்கு இழுப்பறை வாடை அடித்தது. கட்டுரையிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொன்னாள். எறியப்பட்டவர்களையும் சேர்த்து, ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் காட்டும் மறுகணக்கைத் தானே இதழுக்கு அனுப்பினாள்.

“போடுவாங்களா?” என்றார் மெர்வ் வேலிக்கு அந்தப்பக்கம்.

“தெரியல. போடலேன்னா வேற எடம் பாப்பேன். உங்க கண்ண விடமாட்டேன்.”

மெர்வ் மூக்கைச் சிந்திக்கொண்டு, லாமிங்டன் எடுத்து வர உள்ளே போனார்.

அடுத்த வாரம், விருந்தினர்களுக்குச் சோதனையைச் செய்துகாட்ட ரசல் இருட்டறையில் உட்கார்ந்து, மாட்டியிருந்த கட்டையை அழுத்திக் கடித்தான்.

“த்தூ! யாரோடது இது?”

“மெர்வோடது,” என்றாள் டெல்வின். “தூங்கிடாத.”