ஒனிஹங்கா பஸ்ஸில் ஆலங்கட்டி மழை

செப்டம்பர் மாத ஒக்லாந்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெயில், மழை, மறுபடி வெயில்.

இன்று தையல் வேலை முடிந்ததும் ஒனிஹங்காவில் இருக்கும் சித்தியைப் பார்க்க பஸ் ஏறினேன். வழியில் திடீரென்று ஆலங்கட்டி மழை. பஸ் கூரை அதிர்ந்தது. எல்லோரும் சிரித்தபடி வெளியே வேடிக்கை பார்த்தார்கள். நான் மட்டும் இருக்கைக்குக் கீழே குனிந்துவிட்டேன்.

நான் மட்டும் இல்லை. பக்கத்து இருக்கையில் இருந்த, அம்மாவின் வயதுள்ள ஒரு பெண்ணும் குனிந்திருந்தார். முன்பின் தெரியாதவர். என் தலையை அழுத்திப் பிடித்தார்.

"ரஞ்சி, தலையைத் தூக்காதை! ஷெல்லடி நிக்கட்டும்."

நான் ரஞ்சி இல்லை. இது போர்க்காலத்தில் ஊரில் விழுந்த குண்டும் இல்லை. ஆனால், "ஓம் அம்மா" என்றுதான் வாயில் வந்தது.

மழை நின்று வெயில் அடித்தது. அவர் என் முகத்தையே பார்த்தார். "நீங்கள் ஆருடைய பிள்ளை?" என்று கேட்பார் எனப் பயந்தேன். கேட்கவில்லை. என் பின்னலைச் சரிசெய்துவிட்டு எழுந்தார்.

"நாளைக்கும் இந்த பஸ்ஸிலதானே வருவாய்?"

"ஓம்" என்றேன்.

நாளை எனக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் இல்லை. தொடர்ந்து இரண்டு நாள் போனால், என்ன விஷயம் என்று சித்தியே சந்தேகப்படுவார்.

நீங்கள் என்றால் போவீர்களா?