ஆட்டுக்கிடைக்குப் போன டீச்சர்

எங்கள் பள்ளித் தலைமையாசிரியை மே மாதம் ஓய்வு பெறப்போகிறார் என்று தெரிந்ததிலிருந்து எனக்கு அவருடைய அறையின் மேல் ஒரு கண். அறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மேசை, ஒரு சுழல் நாற்காலி, திறக்கும்போதெல்லாம் அலறுகிற பீரோ, வாசலில் ஒரு பெயர்ப்பலகை. அந்தப் பலகைதான் என்னை ஆட்டிவைத்தது. இருபத்திரண்டு வருடம் ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் ஆங்கிலம் நடத்திவிட்டேன். என் பெயர் எங்கேயாவது பெயிண்டில் இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்கு மேல் உயர்வான காரணம் ஏதாவது இருந்தது என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும்.

போட்டியில் இருந்தது இரண்டே பேர். ஒன்று நான், இன்னொருவர் என்னைவிட ஒரு வருடம் இளையவரான அறிவியல் டீச்சர். பள்ளியை நடத்துவது ஒரு திருச்சபை. பணிமூப்பை மட்டும் பார்த்துக் கொடுக்கமாட்டோம், நேர்காணல் வைத்துத்தான் எடுப்போம் என்று தாளாளர் சொல்லிவிட்டார். கோவில்பட்டிப் பக்கம் இப்போது எல்லாப் பள்ளிகளிலும் இப்படித்தான் என்று பேசிக்கொண்டார்கள்.

சேர்ந்து படிக்கலாம் என்று சொன்னது அறிவியல் டீச்சர்தான்.

"நமக்குள்ள என்ன டீச்சர் போட்டி? யாருக்குக் கெடச்சாலும் சரிதான். வெளிய இருந்து ஒருத்தவிய வந்து நம்மள மேய்க்காம இருந்தாப் போதும்," என்றார்.

நான் உடனே சம்மதித்தேன். அவருக்கு என்னவெல்லாம் தெரியும் என்று தெரிந்துகொள்ள எனக்கு அது வசதியாக இருந்தது. அவருக்கு அப்படி ஒரு எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. இருந்திருந்தால் எனக்கு இப்போது எவ்வளவோ ஆறுதலாக இருக்கும்.

மாலையில் கடைசி மணி அடித்ததும் அறிவியல் ஆய்வகத்தில் உட்காருவோம். வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த நேர்காணல் கேள்விகளையெல்லாம் ஒரு லாங் சைஸ் நோட்டில் எழுதிவைத்திருந்தேன். ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். பெற்றோர் சண்டைக்கு வந்தால் என்ன செய்வீர்கள்? உங்களுடைய பலவீனம் என்ன? இந்தக் கடைசிக் கேள்விக்கு நான் யூடியூப்பில் பார்த்ததை அப்படியே ஒப்பித்தேன்: "எல்லா வேலையையும் நானே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வேன், அதுதான் என் பலவீனம்." அவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த ஒரு மாதம் நாங்கள் இரண்டு பேரும் மிகவும் சந்தோஷமாக இருந்தோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நோட்டில் பதினான்காவதாக ஒரு கேள்வி இருந்தது. "பாடவேளைக்கு வெளியே ஒரு மாணவிக்காக நீங்கள் செய்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள்." என் முறை வந்தபோது நான் எழுந்து நின்றேன். ஒன்றும் வரவில்லை. ஸ்பெஷல் கிளாஸ் எடுத்திருக்கிறேன். அதை எல்லோரும்தான் எடுக்கிறார்கள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பிள்ளையின் வீட்டு வாசலைக்கூட நான் மிதித்ததில்லை. "இத அப்புறம் பாப்போம்," என்று பக்கத்தைத் திருப்பப் போனேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தி, "இருங்க, நான் ஒண்ணு சொல்லுதேன், சரியா இருக்கான்னு பாருங்க," என்றார்.

அப்போதுதான் அந்தக் கதையை முதன்முதலாகக் கேட்டேன். ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளை. பெற்றோர் ஆடு மேய்ப்பவர்கள். அறுப்பு முடிந்ததும் மந்தையை ஓட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கரிசல் காட்டில் ஒவ்வொரு புஞ்சையாக ராத்திரியில் ஆட்டை அடைத்துக் கிடை போடுவார்கள். ஆட்டுப்புழுக்கை நிலத்துக்கு உரம். வீட்டில் விட்டுவிட்டுப் போக ஆளில்லாததால் பிள்ளையும் கூடவே போய்விடும். திரும்ப ஐந்தாறு மாதம் ஆகும். அறிவியல் டீச்சர் பாடங்களைப் படம் எடுத்து அவள் அப்பாவின் போனுக்கு அனுப்புவார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, கிடை எங்கே கிடக்கிறதென்று விசாரித்துப் போய், உடைமர நிழலில் உட்கார்ந்து நோட்டைத் திருத்திவிட்டு வருவார். இரண்டு வருடமாக இதைச் செய்துகொண்டிருந்திருக்கிறார். பக்கத்து வகுப்பில் இருந்த எனக்குத் தெரியாது.

"நான் எச்.எம். ஆனா மொதல்ல ஒரு வேலதான் டீச்சர்," என்றார். "கிடைக்குப் போற பிள்ளைங்க பேர ரிஜிஸ்டர்ல இருந்து அடிக்க விடமாட்டேன். வருசா வருசம் நீண்ட நாள் வராதவங்க லிஸ்ட்ல அந்தப் பிள்ள பேரும் வருது. நான் போயி பெரிய டீச்சர்ட்ட சண்டை போட்டு நிப்பாட்டுதேன்."

அவர் கதையைச் சொன்ன விதம் சரியில்லை. ஸ்கூட்டர் பஞ்சரானதில் ஆரம்பித்து, மழை பெய்து சக்கரத்தில் கரிசல் மண் அப்பிக்கொண்டதைச் சொல்லி, பிள்ளையின் அம்மா ஆட்டுப்பாலில் போட்டுக் கொடுத்த டீயைச் சொல்லி, கடைசியில்தான் பாடத்துக்கே வந்தார். அந்த டீ முதல் மடக்குக் குமட்டியதாம், இரண்டாவது மடக்கில் பழகிவிட்டதாம். நான் கண்டிப்பான ஆங்கில டீச்சராக மாறி, "பஞ்சர் வேண்டாம், டீ வேண்டாம். மொதல்ல பிரச்சினையச் சொல்லுங்க, அப்புறம் முயற்சி, அப்புறம் பலன்," என்று செதுக்கிக் கொடுத்தேன். நான்கைந்து தடவை சொல்லவைத்தேன். அதனால் அந்தக் கதை எனக்கு மனப்பாடமாகிவிட்டது. பாதி எனக்கும் சொந்தம் என்று கூட எங்கேயோ ஒரு நினைப்பு வந்திருக்க வேண்டும்.

நேர்காணல் அன்று பணிமூப்புப்படி என்னை முதலில் கூப்பிட்டார்கள். தாளாளர், சபைப் பெரியவர் ஒருவர், ஓய்வு பெற்ற கல்லூரிப் பேராசிரியர் ஒருவர். கஞ்சி போட்ட காட்டன் சேலையில் நிமிர்ந்து உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் நன்றாகவே பதில் சொன்னேன். பிறகு பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

தெரியாமல் வாயில் வந்துவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி இல்லை. ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். குடிக்கிற நேரத்தில் யோசித்தேன், முடிவு செய்தேன். "ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி, சார். ஆடு மேய்க்கும் குடும்பம்," என்று தொடங்கினேன். பிரச்சினை, முயற்சி, பலன் என்று ஒழுங்காகச் சொன்னேன். அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அவரிடம் வேண்டாம் என்று நான் வெட்டிய அந்த ஆட்டுப்பால் டீயையும் எடுத்துப் போட்டேன். முதல் மடக்குக் குமட்டல், இரண்டாவது மடக்கில் பழக்கம். சபைப் பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். பேராசிரியரின் கண் கலங்கியிருந்தது. வேலை எனக்குத்தான் என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

வெளியே வந்தேன். அறிவியல் டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்து சேலை மடிப்பில் ஊக்குக் குத்திக்கொண்டிருந்தார். "என்ன கேட்டாவ டீச்சர்?" என்றார்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். 'கிடைக் கதையை நான் சொல்லிவிட்டேன், நீங்கள் வேறு ஏதாவது சொல்லுங்கள்' என்று ஒரு வரி போதும். அவரிடம் வேறு பத்துக் கதை இருந்திருக்கும். "எல்லாம் நாம படிச்சதுதான். போயி நல்லாப் பண்ணுங்க," என்றேன். முதுகில் தட்டிக் கொடுத்தேன் வேறு.

பத்து நிமிடத்தில் அவர் வெளியே வந்துவிட்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேன் டீச்சர்," என்று போய்விட்டார். என்ன நடந்தது என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

அது இரண்டு வாரம் கழித்து நியமன ஆணையை வாங்கப் போனபோது தெரிந்தது. தாளாளர் கை குலுக்கிவிட்டுச் சொன்னார்: "அந்த டீச்சரும் அதே பிள்ள கதையத்தான் ஆரம்பிச்சாவ. என்னம்மா, இப்பதான ஒருத்தவிய சொல்லிட்டுப் போனாவன்னு கேட்டோம். அப்புறம், ஆமா சார், அவிய போகும்போது நான் துணைக்குப் போவேன்னு சொல்லிட்டாவ. ஒங்களப் பத்தி நல்லபடியாத்தான் சொன்னாவ."

அறிவியல் டீச்சர் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருந்தால் என் மானம் அந்த அறையிலேயே போயிருக்கும். தன் கதையில் தன்னையே துணைக்கு வந்தவளாக ஆக்கிக்கொண்டு என்னைக் காப்பாற்றியிருக்கிறார். இப்போதாவது சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனம் அடித்துக்கொண்டது. "தேங்க்ஸ் சார்," என்று மட்டும் சொல்லி ஆணையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜூன் மாதம் நாற்காலியில் உட்கார்ந்தேன். பலகையில் பெயர் எழுதியாகிவிட்டது. அவர் என்னை 'மேடம்' என்று கூப்பிட ஆரம்பித்தார். எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், குறை சொல்ல முடியாது. ஆய்வகம் பக்கம் போவதைத் தவிர்த்தேன். அவர் ஏதாவது கேட்டால் மறுப்பே சொல்லாமல் கொடுத்தேன். கேட்காத பாடவேளைக் குறைப்பைக்கூடக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்பதைத் தவிர எல்லாவற்றையும் செய்தேன்.

ஜூலையில் ஒரு நாள் இரண்டாவது பாடவேளைக்குப் பிறகு அறிவியல் டீச்சர் என் அறைக்குள் வந்தார். கையில் ஒரு தாள். அதில் என் கையெழுத்து இருந்தது. கிளார்க் முந்தின வாரம் நீட்டிய காகிதக் கட்டுக்குள் அதுவும் ஒன்றாக இருந்திருக்கிறது. நீண்ட நாள் வராத மாணவிகள், பெயர் நீக்கம், ஏழு பேர். வாசிக்காமலே போட்டிருக்கிறேன்.

"மேடம், இந்தப் பிள்ள பேர எடுத்துட்டீங்களா?" என்றார். மூன்றாவது பெயரின் மேல் விரலை வைத்திருந்தார். "ஆபீஸ்ல இருந்து டி.சி. வாங்க வரச் சொல்லி அவ அப்பாவுக்குப் போன் போயிருக்கு. இனிமே எதுக்குப் படிப்பு, ஆட்டோடயே கெடக்கட்டும்னு சொல்லுதாரு. இந்த வருசம் ஒங்ககிட்ட வந்து சொல்லவேண்டிய தேவையில்லன்னு நெனச்சு இருந்துட்டேன். ஒங்களுக்குத்தான் தெரியும்லா."

பெயரை அன்றைக்கே திரும்பச் சேர்த்துவிட்டோம், அவள் அப்பாவிடம் அறிவியல் டீச்சரே பேசிச் சமாதானப்படுத்தினார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பத்து நிமிட வேலைதான் அது. எனக்கு இன்றைக்கும் உறுத்துவது அதற்கு முன்னால் நடந்தது.

தாளை வாங்கி அந்தப் பெயரை வாசித்தேன். எட்டாம் வகுப்பு, பி பிரிவு, அப்பா பெயர், ஊர். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. மூன்று பேருக்கு முன்னால் அவ்வளவு உருக்கமாகச் சொன்ன கதையில் அந்தப் பிள்ளைக்குப் பெயர் என்று ஒன்று இருக்கும் என்பதே எனக்குத் தோன்றியதில்லை. நிமிர்ந்து பார்த்து, மிகவும் அக்கறையான தலைமையாசிரியைக் குரலில், "யாரு டீச்சர் இது?" என்று கேட்டேன்.

அவர் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கோபப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

"நீங்க இன்டர்வியூல சொன்ன பிள்ளதான் மேடம்," என்றார்.