குளத்தில் அலை பார்த்த ததேயுஸ்

நாகர்கோவிலில் ஒரு கல்லூரிக்குப் படகுப் பந்தயம் பழக்கிய பன்னிரண்டு வருசத்தில் ததேயுஸ் ஒன்பது கோப்பை வாங்கிக் கொடுத்தார். கொளச்சலில் கப்பலுக்குச் சரக்கு ஏற்றும் வள்ளத்தில் தலைத்துடுப்பு போட்ட மனிதர். கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் கரையில் நின்று ஒரு சத்தம் கொடுத்தால் பி.ஏ. படிக்கிற பிள்ளைகள் எட்டுப் பேரும் ஒன்றுபோல வளைவார்கள். தன் திறமையில் அவருக்குத் துளி சந்தேகம் கிடையாது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இந்த ஆனை முதல் அடியிலேயே சறுக்கியது.

அவர் பழக்கிய முதல் வருசம், 1926. திருவனந்தபுரத்து வேளிக் காயலில் நாலு கல்லூரிகளுக்குப் பந்தயம். நம்மவர்கள் கடைசி. அதுவும் துடுப்பை மூன்று வீச்சு போடுவதும் ஒரு கணம் நிற்பதுமாகப் போனார்கள். கரையில் ஒரே சிரிப்பு. எல்லோருக்கும் தாளம் பிடிக்கிற சத்தியராஜ்தான் சோம்பிவிட்டான் என்று முடிவு கட்டினார்கள். முதல்வர் அவனைக் குழுவிலிருந்து நீக்கப்போவதாகப் பேச்சு. ததேயுசும் தன் பங்குக்கு அவனை நன்றாக ஏசினார்.

பையனுக்கு எங்கே தப்பியது என்று பார்க்க, மறுநாள் காலையில் பயிற்சிக் குளத்தில் அவரே துடுப்பு போட்டார். மூன்று வீச்சு. நாலாவதுக்கு அவர் கை தானாக நின்றது. கொளச்சல் கரையில் அப்படி நின்று அலைக்கு வழிவிடாவிட்டால் வள்ளம் கவிழ்ந்துவிடும். சிறு வயதிலேயே கைக்கு ஏறிய பழக்கம். அலையே இல்லாத குளத்திலும் அதையே சொல்லிக் கொடுத்திருக்கிறார். கூட ஓட இன்னொரு படகு இல்லாததால் குறை யாருக்கும் தெரியவில்லை. பிள்ளை சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறான். ததேயுசுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

வாயைத் திறந்தால் வேலை போகும் என்றாள் மனைவி மரியஜான். போனால் வள்ளம் இருக்கிறது என்று சட்டையை மாட்டிக்கொண்டு முதல்வர் அறைக்குப் போனார். பிழை தன்னுடையது, பையனை நீக்கக் கூடாது என்றார். சத்தியராஜ் இருக்கட்டும், அடுத்த வருசமும் தோற்றால் நீர் இந்தப் படி ஏற வேண்டாம் என்றார் முதல்வர்.

ததேயுஸ் அசரவில்லை. வருசம் முழுக்கப் பிள்ளைகளோடு தானும் படகில் உட்கார்ந்து பழகினார். கை நின்றபோதெல்லாம் தன்னைத்தானே ஏசிக்கொண்டார். பிள்ளைகளுக்கு அதில் பெரிய சந்தோசம்.

மறு வருசம் வேளியில் பாதித் தூரம் வரை இன்னொரு படகு கூடவே வந்தது. அதன் பிறகு சத்தியராஜின் தாளம் ஏறியது. இரண்டு படகு நீளத்தில் ஜெயித்தார்கள்.

போட்டோ எடுக்க எல்லோரையும் நிறுத்தி, முதல்வரே கோப்பையைக் கொண்டுவந்து ததேயுஸ் கையில் கொடுத்தார். அவர் அதைச் சத்தியராஜிடம் நீட்டினார்.

"தப்பு செஞ்சது நான் சார், ஏச்சு கேட்டது அவன். இத அவன் பிடிக்கட்டு."

சத்தியராஜ் வாங்கிக்கொண்டான். படம் எடுக்கிறவர்தான், அவன் அழுது முடிக்கட்டும் என்று கொஞ்ச நேரம் காத்து நிற்க வேண்டியதாயிற்று.