வலது மணிக்கட்டு

தொண்ணூறுகளின் கடைசியில் பாளையங்கோட்டையில் நாங்கள் ஏழு பெண்கள், அடியில் ஒரே வரிசையாக நாலு சக்கரம் பதித்த ஸ்கேட்டிங் பூட்ஸை மாட்டிக்கொண்டு, கல்லூரியின் சிமெண்டுத் தளத்தில் ஹாக்கி ஆடினோம். சேர வந்த முதலாண்டுக்காரிகளிடம் இடமில்லை என்று சொல்லிவிட்டோம், அவ்வளவு கர்வம். விழுந்து பட்ட அடியைப் பார்த்தே ஒருத்தி எவ்வளவு நாளாக ஆடுகிறாள் என்று சொல்லிவிடலாம். புதியவளுக்கு முழங்கால். வேகம் வந்தவளுக்கு மணிக்கட்டு, அதுவும் வலதுதான். மட்டை இடது கையில் இருக்கும், விழும்போது வலதைத்தான் ஊன்றுவோம்.

ஞாயிற்றுக்கிழமை மதுரையில் எங்கள் முதல் போட்டி. அதற்கு முந்தின திங்கட்கிழமை நான் விழுந்தேன், வலது கையை ஊன்றி. சொன்னால் எக்ஸ்ரே, எக்ஸ்ரே என்றால் மாவுக்கட்டு, அப்புறம் ஏது மதுரை? வாயைத் திறக்கவில்லை. பயிற்சியில் ஒப்பேற்றினேன். வீட்டில் நகச்சுற்று என்று புளுகி ஸ்பூனில் சாப்பிட்டேன். ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, நிமிடத்துக்கு ஒருதரம் கையை அசைத்துப் பார்ப்பேன். வலி அப்படியே இருக்கும். எல்லார்மேலும் எரிந்து விழுந்தேன்.

வெள்ளிக்கிழமை நாங்குநேரி அத்தை குடும்பத்தோடு வந்தாள். இலை போட்டார்கள். விருந்தாளிகள் முன்னால் ஸ்பூன் கேட்க முடியுமா? சாம்பார் வரைக்கும் விரல் நுனியால் சமாளித்தேன். ரசம் ஊற்றியதும் கை குவியவில்லை. ரசம் வழிந்து பக்கத்திலிருந்த அப்பாவின் வேட்டிக்குப் போனது.

அப்பா வேட்டியைப் பார்க்கவில்லை.

"கையக் காட்டுட்டி."

"ஒண்ணுமில்லப்பா."

"ஒண்ணுமில்லாமத்தான் இப்படி வீங்கிக் கெடக்காக்கும்? சாப்ட்டுட்டுக் கெளம்பு, டாக்டர்ட்ட போவோம்."

எலும்பு டாக்டர் வீட்டு வராந்தா பெஞ்சில் எங்கள் கேப்டன் உட்கார்ந்திருந்தாள், வலது கையை மடியில் ஏந்திக்கொண்டு. பக்கத்தில் எங்கள் அணிக்காரி இன்னொருத்தி. அவள் வலது கையில் மாவுக்கட்டு, இன்னும் ஈரம் காயவில்லை. மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் மட்டும் இல்லை என்று சந்தோஷமாகக்கூட இருந்தது, வெட்கங்கெட்ட சந்தோஷம்.

"எப்பம் விழுந்தட்டி?" என்றாள் கேப்டன்.

"திங்கக்கிழம. நீ?"

"செவ்வாக்கிழம. இவ புதன்கிழம."

"சொல்லிருக்கலாம்லா?"

"நீ சொன்னியோ?"

அப்பா எங்களை மாறி மாறிப் பார்த்தார். "ஆட எத்தன பேரு வேணும்?"

"அஞ்சு பேருப்பா."

"ஏழுல மூணு போனா?"

கேப்டனின் சிரிப்பு நின்றது. முதலாண்டுக்காரிகளில் ஒருத்தியைப் பழக்க ஐந்து நாள் போதுமாக இருந்திருக்கும். இடம் திங்கட்கிழமையே காலியாகிவிட்டது. சொல்லாதது நான்.