முகூர்த்தச் சேலையைத் தொட்ட கை

எங்க வல்லத்திராக்கோட்டைப் பக்கம் கல்யாண ஜவுளி எடுக்க, சொந்தபந்தமெல்லாம் வேன் பிடிச்சுப் புதுக்கோட்டை கீழராஜவீதிக்குப் போவாங்க. என் கல்யாணத்துக்கும் போனோம். முகூர்த்தச் சேலையை அம்மா ஆசையாத் தொடப் போனப்ப, பெரியப்பா கத்தினார்: "தாலி அறுத்தவ தொடாத! அங்கிட்டுப் போ!"

அப்பா இல்லாம என்னை வளர்த்த அம்மா, சட்டுன்னு கையை இழுத்துக்கிட்டாங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, சேலை விரிச்சுக் காட்டிக்கிட்டிருந்த கடைக்கார அக்கா எந்திரிச்சாங்க.

"எனக்கும் புருசன் இல்லங்கய்யா. காலையிலேருந்து இந்தக் கையாலதான் விரிச்சுப் போடுறேன். இதுல எதை எடுப்பீங்க?"

சொல்லிட்டு, அந்தச் சேலையை அம்மா மடியிலேயே வச்சாங்க.

முகூர்த்தத்தன்னைக்கு அம்மாதான் எனக்கு அந்தச் சேலையைக் கொசுவம் வச்சுக் கட்டிவிட்டாங்க. பெரியப்பா கோவிச்சுக்கிட்டுச் சாப்பிடாமப் போயிட்டார்.

போகட்டும். பந்தியில ஒரு எலை மிச்சம்.